தலையைத் தூக்க விடாத சூடு: சிறு காலாட்படைப் பிரிவு சண்டையிடும் முறை

காலாட்படை வீரர்கள் சுடும் தோட்டாக்களில் பெரும்பாலானவை யார் மீதும் படுவதில்லை. அவை எல்லாமே குறி தவறியவை என்று நினைத்தால் காலாட்படைச் சண்டையின் பாதி புரியாமல் போய்விடும். எதிரி குழிக்குள் தலையைக் கவிழ்த்து வைத்திருக்கும் வரை அவனால் பார்க்க முடியாது. பார்க்க முடியாதவனால் குறிபார்த்துச் சுடவும் முடியாது. அந்த நேரத்தில் நம் ஆட்கள் நகர்ந்துவிடலாம். இப்படி எதிரியைக் குனிய வைப்பதற்காகச் சுடுவதுதான் அடக்கும் சூடு. நகரும் தோழருக்காக அதைச் செய்யும்போது காப்புச் சூடு என்கிறோம்.

தோட்டாவைக் கொடுத்து நேரத்தை வாங்குவதுதான் இங்கே நடக்கிறது. வாங்கிய நேரம் நொடிக்கணக்கில்தான் இருக்கும். சூடு நின்ற சில நொடிகளில் தலைகள் மேலே வந்துவிடும். தாக்குதல், தற்காப்பு இரண்டின் உத்திகளும் இந்தச் சில நொடிகளைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

சத்தம் போட்டால் எதிரி அடங்கிவிடுவான் என்பது சினிமா நம்பிக்கை. தலைக்கு மேல் பத்து மீட்டர் உயரத்தில் போகும் ஆயிரம் தோட்டாக்களை விட, குழியின் விளிம்பு மண்ணைத் தெறிக்க வைக்கும் மூன்று தோட்டாக்கள் ஒருவனை உறுதியாகக் குனிய வைக்கும். தோட்டா அருகே விழ வேண்டும், அடுத்தது எப்போது வரும் என்று அவனால் கணிக்க முடியாதபடி விட்டுவிட்டுத் தொடர வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அடங்காது. அனுபவமுள்ள எதிரி என்றால் தூரத்தில் போகும் சூட்டைக் காதாலேயே ஒதுக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான்.

யார் யார், எத்தனை பேர்

காலாட்படையின் அடிப்படை அலகு செக்ஷன். இந்திய ராணுவத்தில் சுமார் பத்துப் பேர், பிரிட்டனில் எட்டுப் பேர், அமெரிக்கத் தரைப்படையில் ஒன்பது பேர் (அங்கே பெயர் ஸ்குவாட்). மூன்று செக்ஷன் சேர்ந்தது ஒரு பிளாட்டூன் என்பது பொதுவான அமைப்பு. நாட்டுக்கு நாடு எண்ணிக்கை மாறினாலும் உள்ளே ஒரு பிளவு எப்போதும் இருக்கும். ஒரு பாதி சுடும்போது மறு பாதி நகரும். ஒரே தொகுதியாக நகரும் பத்துப் பேரைக் காக்க ஆளில்லை, ஒரே தொகுதியாகச் சுடும் பத்துப் பேர் இருந்த இடத்திலேயே கிடப்பார்கள்.

இந்தப் பிளவு முதல் உலகப் போரின் பாடம். 1914இல் வரிசையாக முன்னேறிய படைகளை இயந்திரத் துப்பாக்கிகள் அறுத்துத் தள்ளின. ஜெர்மானியர்கள் 1915 முதல் கேப்டன் வில்லி ரோர் போன்றவர்களின் கீழ் சிறு அதிரடிக் குழுக்களை உருவாக்கிப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் ராணுவம் 1917 பிப்ரவரியில் பிளாட்டூனையே மாற்றி அமைத்தது: லூயிஸ் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கு ஒரு செக்ஷன், கையெறி குண்டுக்கு ஒன்று, துப்பாக்கியில் வைத்து ஏவும் குண்டுக்கு ஒன்று, ரைஃபிளுக்கு ஒன்று. அதுவரை பீரங்கிப் படை தந்த ஆதரவுச் சூட்டை பிளாட்டூன் தானே உருவாக்கிக்கொள்ளும் வசதி அப்போது வந்தது. இன்றைய சிறு படைப்பிரிவு அதன் பேரப்பிள்ளை.

சூடு விழுந்ததும்

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வருவது பலனுள்ள சூடா என்பது. இதே போக்கில் போனால் ஆள் விழுவான் என்றால் அது பலனுள்ள சூடு. எங்கோ தூரத்தில் வெடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் படுத்துக்கொண்டிருந்தால் எந்தப் படையும் போய்ச் சேராது.

பலனுள்ள சூடு என்றால் செய்ய வேண்டியவை வரிசையாகப் பழக்கப்பட்டவை. அருகிலுள்ள காப்பை நோக்கி ஓடு, விழு, விழுந்த இடத்திலிருந்து ஊர்ந்து விலகு, பார், சுடு. புதியவர்கள் தவறவிடுவது நடுவில் உள்ள ஊர்தலைத்தான். நீங்கள் விழுந்ததை எதிரி பார்த்திருக்கிறான், அவன் துப்பாக்கி அந்தப் புள்ளியிலேயே நிற்கிறது. அதே புள்ளியில் தலையைத் தூக்கினால் அவன் வேலை எளிதாகிவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, அதுவும் காப்புக்கு மேலாக அல்லாமல் பக்கவாட்டில் எட்டிப் பார்க்க வேண்டும்.

காப்பு வேறு, மறைப்பு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புதர் மறைக்கும், ஆனால் தோட்டாவை நிறுத்தாது. மரக்கதவும் மெல்லிய செங்கல் சுவரும் அப்படித்தான். மண் மேடு, பெரிய பாறை, பள்ளம் இவைதான் காப்பு.

எதிரி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நன்றாக மறைந்திருப்பவனைக் கண்ணால் தேடிப் பிடிப்பது அரிது. தூசி, புகை, துப்பாக்கி வாயில் தெறிக்கும் பொறி, அசைவு ஆகியவை தடயங்கள். காதும் உதவும். ரைஃபிள் தோட்டா ஒலியை விட வேகமாக வருவதால் முதலில் ‘படீர்’ என்று தோட்டா கடக்கும் ஓசையும், பிறகு ‘தம்’ என்று துப்பாக்கி வெடித்த ஓசையும் கேட்கும். முதல் ஓசை எங்கிருந்தோ வருவதுபோல் ஏமாற்றும். இரண்டாவதுதான் திசை சொல்லும். இரண்டுக்கும் இடையே அரை நொடி இருந்தால் எதிரி ஏறத்தாழ 300 மீட்டரில் இருக்கிறான்.

கண்டவர் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். “அதோ அங்கே!” என்று கத்தினால் எந்த அங்கே? கட்டளைக்கு நான்கு உறுப்புகள்: யார், எவ்வளவு தூரம், எங்கே, எப்படி. “இரண்டாம் குழு! 300! தனிமரம், அதற்கு வலப்பக்கம் கற்குவியல்! வேகச் சூடு!” தூரத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கேட்பவர் கண்ணைச் சரியான ஆழத்தில் வைத்துத் தேடுவார், 50 மீட்டரில் இருக்கும் இன்னொரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

சூட்டுச் சண்டையில் வெல்லுதல்

எதிரியின் சூடு குறைந்து, நம் சூடு மேலோங்கும் வரை யாரும் எழுந்து ஓடக்கூடாது. இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் நகர்ந்த பிரிவுகள்தான் வெட்டவெளியில் சிக்கிக்கொள்கின்றன.

முதல் அரை நிமிடம், ஒரு நிமிடம் எல்லோரும் வேகமாகச் சுடுவார்கள். எதிரி குனிந்ததும் வேகத்தைக் குறைத்து அவனைக் குனிந்தபடியே வைத்திருக்கும் அளவுக்கு மட்டும் சுடுவார்கள். எம்249 போன்ற இலகு இயந்திரத் துப்பாக்கியின் (எல்எம்ஜி) கணக்கைப் பாருங்கள். விசையை விடாமல் அழுத்தினால் நிமிடத்துக்கு 750க்கு மேல் போகும். ஆனால் வேகச் சூடு என்பது நிமிடத்துக்கு 200, அதிலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும். தொடர்ந்து நீடிக்கக்கூடிய வேகம் நிமிடத்துக்கு 100தான். ஆறு முதல் ஒன்பது தோட்டா வரை ஒரு கொத்து, நான்கைந்து நொடி இடைவெளி, மறுபடி ஒரு கொத்து. இதை மீறினால் குழல் சிவந்து, குறி சிதறி, கடைசியில் விசையைத் தொடாமலே குழலின் வெப்பத்தில் தோட்டா வெடிக்கும் நிலை வரும்.

இப்போது ஒரு கணக்கு. எல்எம்ஜி ஒரே இடத்திலிருந்து காப்புச் சூடு தருகிறது, ரைஃபிள் குழு இரண்டு பாதியாகப் பிரிந்து 150 மீட்டர் வெட்டவெளியை மாறி மாறிப் பாய்ந்து கடக்கிறது. ஒரு பாய்ச்சல் மூன்று முதல் ஐந்து நொடி. எதிரி கண்டு, குறிபார்த்து, சுடுவதற்குள் விழுந்துவிட வேண்டும் என்பதால் அந்த அளவு. சுமையோடு படுத்த நிலையிலிருந்து எழுந்து ஓடினால் அதற்குள் சுமார் 12 மீட்டர் போகலாம். ஒவ்வொரு பாதிக்கும் 12, 13 பாய்ச்சல்கள், இரண்டும் சேர்ந்து 25. பாய்ந்தவர்கள் விழுந்து, மூச்சு வாங்கி, சுடத் தொடங்கிய பிறகே அடுத்த பாதி எழ வேண்டும். ஆக ஒரு பாய்ச்சலுக்கு ஒன்பது நொடி என்று வையுங்கள். நான்கு நிமிடம் ஆகிறது. முதல் நிமிடம் 200, பிறகு நிமிடத்துக்கு 100 என்றால் எல்எம்ஜி 500 தோட்டாக்களைத் தின்றுவிடும். அதைச் சுமப்பவரிடம் இருப்பது வழக்கமாக 600 அளவில்தான். ஒரே ஒரு பதுங்கு குழிக்கு இவ்வளவு செலவு, அதுவும் எதுவும் தவறாமல் நடந்தால்.

அதனால் பாய்ச்சல் பாய்ச்சலாகப் போவது கடைசி வழி. நல்ல செக்ஷன் கமாண்டர் முதலில் தேடுவது ஓடை, வரப்பு, மேட்டின் பின்புறம் போன்ற இடங்களை, அதாவது எதிரியின் தோட்டா எட்டாத ‘டெட் கிரவுண்டை’. அதற்குள் நடந்தே 100 மீட்டர் போய்விட முடிந்தால், வெட்டவெளியில் பாய வேண்டியது 50 மீட்டர்தான். தோட்டாச் செலவும் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். மறைவே இல்லாத நிலத்தில் இருட்டும் புகையும் அந்த வேலையைச் செய்யும். 1999இல் கார்கிலின் மொட்டை மலைகளில் இரவுத் தாக்குதல்களை நம்ப வேண்டியிருந்ததும், போஃபர்ஸ் பீரங்கிகளை எதிரி அரண்கள் மீது நேரடியாகக் குறிவைத்துச் சுட்டதும் இதே தேவையால்தான்.

எந்தக் கோணத்திலிருந்து?

சுடும் குழு நேரெதிரே இருக்க, தாக்கும் குழு சுற்றிப் பக்கவாட்டிலிருந்து பாய்வதுதான் செந்தரமான தாக்குதல். எதிரி முகம் திருப்பியிருக்கும் திசையிலிருந்து வராமல் இருப்பது இதில் கிடைக்கும் லாபம் என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதைவிடப் பெரிய லாபம் வேறு. சூட்டின் திசையும் பாயும் திசையும் ஏறத்தாழ செங்கோணமாக இருந்தால், தாக்குபவர்கள் எதிரியின் குழிக்கு மிக அருகே வரும் வரை காப்புச் சூட்டை நிறுத்த வேண்டியதில்லை. கோணம் குறுகக் குறுக நம் தோட்டா நம் ஆள் மீதே பாயும் அபாயம் கூடும், சூட்டைச் சீக்கிரம் நிறுத்த வேண்டிவரும். குழிக்கு 50 மீட்டர் இருக்கும்போதே நிறுத்திவிட்டால், சுமையோடு மேடேறி ஓடுபவர்களுக்குப் பதினைந்து நொடிக்கு மேல் காப்பே இல்லை. எதிரி தலையைத் தூக்க அதில் கால்வாசி போதும். தாக்குதலில் ஆட்கள் அதிகம் விழுவது இந்த இடைவெளியில்தான்.

சூட்டை முழுதாக நிறுத்துவதற்குப் பதில், தாக்குபவர்கள் நெருங்கும்போது அவர்களுக்கு முன்னால் குறியை மெல்ல நகர்த்திக்கொண்டே போவது சிறந்தது. அதற்கு ஒரு சைகை வேண்டும், அந்தச் சைகை தவறினால் இன்னொன்று வேண்டும். ரேடியோ, வண்ணப் புகை, ஒளிக்குண்டு, விசில் என்று இரண்டு மூன்று வழிகளை முன்பே பேசி வைத்திருப்பார்கள். விசிலை மட்டும் நம்புவது விபரீதம். இயந்திரத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு விசில் கேட்காது.

சுற்றிப் போவதிலும் இரண்டு பிழைகள் உண்டு. அகலமாகச் சுற்றினால் நேரம் ஓடி, அதற்குள் சுடும் குழுவின் தோட்டா தீர்ந்துவிடும். மிக நெருக்கமாகச் சுற்றினால், முதல் குழியைக் காக்க வைத்திருக்கும் இரண்டாவது குழியின் முன்னால் போய் நிற்பார்கள். தனியாக ஒரு அரண் தெரிகிறதென்றால் அதற்குத் துணை இன்னும் கண்ணில் படவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் பிரேகூர் பண்ணை அருகே நடந்தது இதற்குத் தெளிவான உதாரணம். அமெரிக்கப் படைகள் இறங்கிய யூட்டா கடற்கரையிலிருந்து உள்ளே வரும் பாதையை நான்கு 105 மி.மீ. ஜெர்மானிய பீரங்கிகள் தாக்கிக்கொண்டிருந்தன. அமெரிக்க லெப்டினன்ட் ரிச்சர்ட் விண்டர்ஸிடம் தொடக்கத்தில் இருந்தவர்கள் ஒரு டஜன் சொச்சம் பேர்தான், எதிரே அவர்களைவிடப் பல மடங்கு. இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளை வைத்துக் காப்புச் சூடு, அதன் மறைவில் சிறு குழு வேலி ஓரமாக நெருங்கிக் கையெறி குண்டுகளோடு முதல் பீரங்கி மீது பாய்ச்சல். பீரங்கிகளைப் பதுங்கு அகழி ஒன்று இணைத்திருந்தது. ஜெர்மானியர்கள் தங்கள் காப்புக்காக வெட்டிய அகழி, முதல் பீரங்கி விழுந்ததும் தாக்குபவர்களுக்கு மறைவான பாதையாகிவிட்டது. அடுத்தடுத்த பீரங்கிகளை முன்னாலிருந்து தாக்காமல் பக்கவாட்டிலிருந்தே எடுத்தார்கள்.

தாக்குபவர் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். அந்த விகிதம் களம் முழுவதற்கும் தேவை என்பதல்ல, தாக்கும் புள்ளியில் தாக்கும் நேரத்தில் இருந்தால் போதும். அடக்கும் சூடு செய்வதே அதைத்தான். குனிந்து கிடக்கும் எதிரியை அந்த நிமிடத்தின் கணக்கிலிருந்து கழித்துவிடலாம்.

குழியைப் பிடித்த பிறகு நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. களைப்பும் பெருமிதமும் சேர்ந்து ஆட்கள் அங்கேயே கூட்டமாக நிற்பார்கள். எதிரியின் மோர்ட்டார்களுக்கு (குண்டை மேல்நோக்கி வீசும் சிறு பீரங்கிகள்) தங்கள் குழியின் தூரம் மீட்டர் கணக்கில் தெரியும், எதிர்த்தாக்குதலும் அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே வரும். ஆகவே குழியைத் தாண்டிப் போய், சுற்றிலும் முகம் வைத்துப் படுத்து, தோட்டாவை எண்ணிப் பங்கிட்டு, காயம்பட்டவர்களைப் பார்க்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். முதலில் காவல், பிறகுதான் மற்றவை.

தற்காப்பு: அதே கதையை மறுபக்கத்திலிருந்து பார்த்தால்

தாக்குபவருக்குச் சூடும் நகர்வும் இணைந்திருக்க வேண்டும் என்றால், தற்காப்பவரின் வேலை அந்த இணைப்பை அறுப்பது. சரிவின் மறுபுறத்தில் அரண் அமைப்பது இதற்காகத்தான். 1815இல் வாட்டர்லூவில் வெலிங்டன் தன் காலாட்படையை மேட்டுக்குப் பின்னால் வைத்தது பிரெஞ்சு பீரங்கிகளின் பார்வையிலிருந்து மறைக்க. இன்றைய கணக்கும் அதுவே. தாக்குபவரின் சுடும் குழு மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும், பாயும் குழு மட்டும் முகட்டைத் தாண்டி வானத்தின் பின்னணியில் நிழலுருவாக, காப்புச் சூடு இல்லாமல் இறங்கி வர வேண்டும். குறை என்னவென்றால் தற்காப்பவருக்கும் தூரப் பார்வை கிடைக்காது. அதை ஈடுகட்ட முகட்டில் சிறு காவல் குழு இருக்கும்.

அரண் அமைக்கும்போது முதலில் இடம் குறிப்பது இயந்திரத் துப்பாக்கிகளுக்கு. மற்றவர்கள் அவற்றைச் சுற்றி அமைவார்கள். புதியவர்கள் அதை நேரே முன்னோக்கி வைப்பார்கள், அது அதன் பாதி வலிமையைத் தூக்கி எறிவதற்குச் சமம். காரணம், தோட்டாக்கள் ஒரே கோட்டில் போவதில்லை. சிறிது விரியும் கூம்பாகப் போய், தரையில் நீண்டு ஒடுங்கிய முட்டை வடிவப் பரப்பில் விழுகின்றன. அந்த வடிவத்தின் நீளம் சூட்டின் திசையில் இருக்கும். எதிரி பக்கவாட்டில் விரிந்த வரிசையாக வருகிறான். நேரே சுட்டால் அந்த நீளப் பரப்பு அவன் வரிசையைக் குறுக்காகத் தொட்டு ஒருவரிருவரை மட்டுமே எட்டும். அரணின் ஓரத்தில் வைத்து முன்பக்கம் முழுவதும் குறுக்கே போகும்படி சுட்டால் வரிசை நெடுகப் பரவும். இதுதான் நீளவாட்டுச் சூடு. இரண்டு துப்பாக்கிகள் இரு ஓரங்களிலிருந்து ஒன்றின் முன்புறத்தை மற்றொன்று குறுக்கே வெட்டும்படி சுட வேண்டும். அப்போது ஒவ்வொன்றும் தன் முன்னால் மண் தடுப்போடு, எதிரியின் நேர்ச்சூட்டிலிருந்து காப்போடு இருக்கலாம். முன்னால் வருபவனை அடுத்த குழிக்காரர் பார்த்துக்கொள்வார்.

தரை சமமாக இருந்தால், தோட்டாவின் பாதை தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் எழாதபடி ஏறத்தாழ 600 மீட்டர் வரை சுடலாம். அந்தக் கோட்டில் நிற்பவன் எந்தத் தூரத்தில் இருந்தாலும் அடிபடுவான். நடுவே ஒரு பள்ளம் வந்தால் அங்கே மட்டும் தப்பலாம். தாக்குபவர் தேடும் டெட் கிரவுண்ட் அதுதான். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, துப்பாக்கிக்குப் பின்னால் ஒருவர் குறிபார்த்துப் படுத்திருக்க, இன்னொருவர் அந்தக் கோட்டில் நடந்து போவது. எங்கே அவர் மறைகிறாரோ அதைக் குறித்துக்கொண்டு, மோர்ட்டார், குண்டு ஏவி, தடைகள் ஆகியவற்றில் ஒன்றை அங்கே ஒதுக்க வேண்டும். இவையெல்லாம் ரேஞ்ச் கார்டு என்ற துப்பாக்கியின் குறிப்பு அட்டையில் ஏறும்: எல்லைகள், தெளிவான அடையாளங்களின் தூரம், பள்ளங்கள், இருட்டிலும் திரும்பிச் சுட வேண்டிய இறுதிக் கோடு. கார்டு இல்லாத துப்பாக்கி இரவில் குருடாகிவிடும்.

முள்கம்பித் தடை தற்காப்பின் பெரிய மாயை. யாரும் சுடாத கம்பியை ஒரு கத்தரி சில நிமிடங்களில் முடித்துவிடும். கம்பி ஆளை நிறுத்தாது, தாமதப்படுத்தும். அந்தத் தாமதம் சூட்டுக்கு முன்னால் நடந்தால்தான் பயன். ஆகவே அது நம் சூட்டின் பார்வையில் இருக்க வேண்டும், அதே சமயம் கையெறி குண்டு எறியும் தூரத்துக்கு, அதாவது சுமார் 35, 40 மீட்டருக்கு, அப்பால் இருக்க வேண்டும். அருகிலேயே போட்டால் எதிரி கம்பிக்கு வெளியே படுத்துக்கொண்டு குழிக்குள் குண்டு வீசுவான்.

குழியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அக்குள் அளவு ஆழம், மேலே குறைந்தது 45 சென்டிமீட்டர் மண் தாங்கும் கூரை, முன்னும் பின்னும் மண் தடுப்பு. மேலே வெடிக்கும் குண்டின் சிதறல்தான் திறந்த குழியில் அதிகம் கொல்லும், அதனால் கூரைக்கு முன்னுரிமை. ஆட்களின் இடைவெளியும் இதே கணக்குதான். எம்67 கையெறி குண்டு 5 மீட்டருக்குள் கொல்லும், 15 மீட்டர் வரை காயப்படுத்தும். ஒட்டி நிற்பவர்களை ஒரே குண்டு முடித்துவிடும்.

கடைசியாக, யார் முதலில் சுடுவது என்பது. பதற்றத்தில் ஒரு ரைஃபிள்காரர் 400 மீட்டரில் சுட்டுவிட்டால், எதிரிக்கு அரணின் இடம் தெரிந்துவிடும், சேதமும் பெரிதாக இருக்காது. தாக்குபவரின் சுடும் குழு நின்று நிதானமாகத் தன் வேலையைத் தொடங்கும். பொறுத்திருந்து, தடையில் சிக்கும் நேரத்தில் எல்லாத் துப்பாக்கிகளும் ஒன்றாகச் சுடத் தொடங்கினால், எதிரிக்கு அடக்கும் சூட்டை அமைக்கவே அவகாசம் கிடையாது. அதனால் சூட்டைத் தொடங்கும் உரிமை கமாண்டரிடம் இருக்கும், அவர் தரும் சைகை பெரும்பாலும் ஒரு இயந்திரத் துப்பாக்கியின் சூடாகவே இருக்கும். அந்தத் துப்பாக்கி சிக்கிக்கொண்டால் யார் தொடங்குவது என்பதும் முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். பல முறை சுட்ட இடத்திலேயே இருப்பதும் ஆபத்து, ஆகவே மாற்றுக் குழியும் அதற்கு ஊர்ந்து போகும் பள்ளமும் முதல் நாளே வெட்டப்படும். நேரம் போதவில்லை என்று தள்ளிப்போடப்படுவது பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான்.